ஒரே தண்டவாளம், நாலு கம்பெனி வண்டி: ரயில்வேயைத் திறந்துவிடுறதுன்னா என்ன?

"ரயில்வேய வித்துட்டாங்களாமே" அப்படின்னு வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு ஃபார்வேர்டு வந்து விழும். உடனே சித்தப்பா ஒரு பக்கம், அத்தை பையன் ஒரு பக்கம். தனியார் வந்தாத்தான் கக்கூஸ்ல தண்ணி வரும்னு ஒருத்தர், தனியார் வந்தா டிக்கெட் தீபாவளி ஆம்னி பஸ் ரேட்டுக்குப் போயிரும்னு இன்னொருத்தர். ரெண்டு மணி நேரம் ஓடும் அந்தச் சண்டை, கடைசில யாராவது ஒரு குட் மார்னிங் படம் போட்டு முடிச்சு வைப்பாங்க. நான் பாத்த வரைக்கும் அவங்க ரெண்டு பேரும் பேசுறது ஒரே விஷயமே இல்ல. விக்கிறதைப் பத்தி ஒருத்தர் பேசுறார், திறந்துவிடுறதைப் பத்தி இன்னொருத்தர் பேசுறார், நாம ரெண்டையும் தனியார்மயம்னு ஒரே மூட்டையில கட்டிடுறோம்.

விக்கிறதுன்னா சொத்து கை மாறுது, அவ்வளவுதான். திறந்துவிடுறதுன்னா, தண்டவாளம் அரசாங்கத்துக்கிட்டயே இருக்கலாம், ஆனா அதுல வண்டி ஓட்டுற உரிமை ஒரே ஆளுக்குன்னு இல்லாம, லைசென்ஸ் இருக்கற யார் வேணும்னாலும் வாடகை கட்டிட்டு ஓட்டலாம். ரெண்டும் தனித்தனி. ஜப்பான்ல வித்தாங்க, ஆனா திறந்துவிடல. ஸ்பெயின்ல திறந்துவிட்டாங்க, ஆனா விக்கல. இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டுட்டா மீதியெல்லாம் ஈஸி.

"அப்போ ஆம்னி பஸ் மாதிரிதானே, பர்மிட் வாங்கி ஓட்டட்டும்"னு தோணும். அங்கதான் சிக்கல். ரோட்டுல முன்னாடி போறவன் உருட்டிக்கிட்டுப் போனா ஹார்ன் அடிச்சுட்டு ஏறிப் போயிரலாம். தண்டவாளத்துல அந்த வேலை நடக்காது, பொதுவா ஒரு சிக்னலுக்கும் அடுத்த சிக்னலுக்கும் நடுவுல ஒரு வண்டிதான், முன்னாடி போறவன் எங்கயாவது லூப் லைன்ல ஒதுங்கினாத்தான் பின்னாடி வர்றவன் தாண்ட முடியும். பாசஞ்சர்ல போனவங்களுக்கு இது பாடம் நடத்தாமலே தெரியும், ஏதோ ஒரு சின்ன ஸ்டேஷன்ல வண்டி நிக்கும், ஏன் நிக்குதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, முறுக்கு விக்கிறவர் ரெண்டு தடவை வந்துட்டுப் போயிருப்பார், எதிர் சீட்டுக் குழந்தை அழ ஆரம்பிச்சிருக்கும், அப்பறம் பக்கத்து லைன்ல சர்ருனு ஒரு எக்ஸ்பிரஸ் தாண்டும், அது போய் கொஞ்ச நேரம் கழிச்சு நம்ம வண்டிக்குப் பச்சை விழும்.

அந்தப் பச்சை யாருக்கு எப்போங்கறதுதான் ஸ்லாட். இந்த வண்டி இந்த நிமிஷம் கிளம்பி, இந்த நிமிஷம் இந்த ஸ்டேஷனைத் தாண்டி, இந்த நிமிஷம் அந்த பிளாட்பார்ம்ல நிக்கும்னு முழு வழிக்கும் டைம்டேபிள்ல பிடிச்சு வைக்கிற இடம். ரயில் மார்க்கெட்ல அடிதடி நடக்கற சரக்கே இதுதான், பெட்டியோ இன்ஜினோ இல்ல. எல்லா வண்டியும் ஒரே வேகத்துல போனா நிறைய ஸ்லாட் போடலாம். வேகமா ஒண்ணு, மெதுவா ஒண்ணு, நடுவுல ஒரு கூட்ஸ்னு கலந்துட்டா அதே தண்டவாளத்துல ஓடற வண்டி எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சு போகும்.

அதனால ரோட்டை விட வாய்க்கால்தான் இதுக்கு சரியான உதாரணம். ஏரிப் பாசனம் இருக்கற ஊர்ல முறைத் தண்ணி வைப்பாங்க இல்லையா, இன்னிக்கு ராத்திரி இவர் வயலுக்கு, விடிஞ்சா அடுத்தவர் வயலுக்குன்னு. மடையைத் திறந்து அடைக்கிற நீர்க்கட்டி, நிறைய ஊர்ல அந்த ஆயக்கட்டுல சொந்த நிலம் இல்லாதவராத்தான் இருப்பார். தண்ணி பத்தாத வருஷம் நிலக்காரன் கையில மடை இருந்தா என்ன நடக்கும்னு ஊருக்கே தெரியும், அதான். ரெகுலேட்டர்னு சொன்னதும் ஃபேன் ஸ்பீடு குறைக்கிற டப்பா ஞாபகம் வந்தா தப்பில்ல, ஆனா ரயில்வேல ரெகுலேட்டர்னா இந்த நீர்க்கட்டிதான். ஸ்லாட் பங்கீடு நியாயமா நடக்குதா, தண்டவாள வாடகை அளவா இருக்கா, பெரிய ஆள் சின்ன ஆளை மிதிக்கிறானான்னு பாக்குற, சொந்தமா வண்டி ஓட்டாத ஆள்.

இந்த யோசனைய முதல்ல செஞ்சு பாத்தது ஸ்வீடன். 1988-ல அவங்க அரசு ரயில்வேய ரெண்டா வெட்டுனாங்க, தண்டவாளம் ஒரு ஆபீஸுக்கு, வண்டி ஓட்டுறது இன்னொரு கம்பெனிக்கு. 1991-ல ஐரோப்பிய யூனியன் (அப்போ அதுக்குப் பேரு ஐரோப்பிய சமூகம்) அதையே கொஞ்சம் தண்ணி கலந்து எல்லா உறுப்பு நாட்டுக்கும் சட்டமாக்குச்சு, குறைஞ்சபட்சம் கணக்குப் புத்தகமாவது தனித்தனியா வைங்கன்னு. கணக்கைப் பிரிக்கிறதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். கணக்கு ஒண்ணா இருந்தா தண்டவாளத்துக்கு உண்மையில எவ்வளவு செலவாகுதுன்னே தெரியாது, அது தெரியாம வெளியாளுக்கு என்ன வாடகை போடுவீங்க? அதுக்கப்புறம் ஒவ்வொரு கதவா திறந்தாங்க, 2007-ல சரக்கு, 2010-ல நாடு விட்டு நாடு போற பயணிகள் வண்டி, 2020 டிசம்பர் டைம்டேபிள்ல இருந்து உள்நாட்டுப் பயணிகள் வண்டி.

இத்தாலிக் கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 2012 ஏப்ரல் 28, இட்டாலோன்னு அடர் சிவப்புல ஒரு புல்லட் வண்டி நேப்பிள்ஸ், ரோம், மிலான் ரூட்ல ஓட ஆரம்பிச்சுச்சு. தனியார் கம்பெனி, ஃபெராரி கம்பெனித் தலைவரா இருந்த லூகா டி மொன்டெசெமோலோவும் கூட்டாளிகளும் ஆரம்பிச்சது. எதிர்ல அரசாங்கத்தோட ட்ரெனிட்டாலியா. தண்டவாளத்தைப் பாத்துக்கறது யாருன்னா ஆர்எஃப்ஐன்னு ஒரு கம்பெனி, அதுவும் ட்ரெனிட்டாலியாவும் ஒரே அரசு குரூப்போட ரெண்டு பிள்ளைங்க. மடை அண்ணன் கையில, வயல் தம்பி பேர்ல.

ரோம்ல ஓஸ்டியன்சேன்னு ஒரு ஸ்டேஷன். இட்டாலோ அங்க தன் பயணிகளுக்குன்னு ஒரு லவுஞ்ச் போட்டுச்சு, அங்க டிக்கெட் வாங்கி உக்காந்து அப்படியே பிளாட்பார்முக்கு நடந்துடலாம்னு கணக்கு. அந்தக் கோடையில பாத்தா லவுஞ்சுக்கும் பிளாட்பார்முக்கும் நடுவுல இரும்பு வேலி. வண்டி கண்ணு முன்னாடி நிக்குது, ஆனா பெட்டியைத் தூக்கிக்கிட்டுச் சுத்திட்டுப் போகணும். வேலி போட்டது தண்டவாளம் வச்சிருக்கற தரப்பு. பேப்பர்ல எல்லாம் நாறுச்சு இந்த வேலி. மார்க்கெட்டைத் திறந்துவிட்டோம்னு சட்டத்துல எழுதுறது சுலபம், அதுக்கப்புறம் ஒவ்வொரு பிளாட்பார்ம்லயும் யார் வேலி போடுறாங்கன்னு பாக்க ஒரு ஆள் வேணும்ங்கறதை இந்த ஒரு வேலி சொன்ன மாதிரி எந்த ரிப்போர்ட்டும் சொல்லல.

அந்த ஆள் வந்து சேந்தது கொஞ்சம் லேட்டாத்தான். போக்குவரத்து ரெகுலேட்டர் வேணும்னு 2011-ல சட்டம் போட்டாங்க, டூரின்ல ஆபீஸ் திறந்து வேலை ஆரம்பிக்க 2013 ஆயிருச்சு. அதுக்குள்ள இட்டாலோ நஷ்டத்துல மூச்சுத் திணறிக்கிட்டு இருந்துச்சு. 2014-ல அந்த ரெகுலேட்டர் ஒரே ஒரு காரியம் பண்ணாங்க, ஹைஸ்பீட் தண்டவாள வாடகைய ஒரு வண்டி ஒரு கிலோமீட்டர் போக சுமார் 13 யூரோன்னு இருந்ததை 8 யூரோ பக்கம் இறக்கிட்டாங்க. இட்டாலோ பிழைச்சுச்சு. போட்டி வந்ததால டிக்கெட் விலை இறங்குச்சு, வண்டி எண்ணிக்கை ஏறுச்சு, ரோம் மிலான் நடுவுல விமானத்துல போன கூட்டம் பெரும்பாலும் 3 மணி நேர ரயிலுக்கு மாறுச்சு, ட்ரெனிட்டாலியாவும் தன் வண்டிய மெருகேத்த வேண்டியதாப் போச்சு. 2018-ல ஒரு அமெரிக்க முதலீட்டு நிறுவனம் கிட்டத்தட்ட 200 கோடி யூரோ கொடுத்து இட்டாலோவை வாங்குச்சு. நாலு வருஷம் முன்னாடி மூடிருவாங்கன்னு பேசின கம்பெனி அது.

ஸ்பெயின்காரங்க இதையெல்லாம் பாத்துட்டுக் கொஞ்சம் உஷாரா இறங்குனாங்க. 2005-லயே தண்டவாளத்தை அடிஃப்னு ஒரு அரசு அமைப்புக்கும், வண்டிய ரென்ஃபேங்கற அரசு கம்பெனிக்கும் பிரிச்சிருந்தாங்க. அப்பறம் ஹைஸ்பீட் ரூட்ல இருக்கற ஸ்லாட்டை ஒவ்வொண்ணா பிச்சுக் கொடுக்காம பெருசு, நடுத்தரம், சிறுசுன்னு மூணு பொட்டலமாக் கட்டி 10 வருஷ ஒப்பந்தமா வச்சாங்க. பெருசு ரென்ஃபேக்கே போச்சு, மத்த ரெண்டும் வெளியாளுங்களுக்கு. 2021 மே மாசம் மாட்ரிட் பார்சிலோனா ரூட்ல ஊய்கோ வந்துச்சு, ஆரம்ப விலை 9 யூரோ. அடுத்த மாசமே ரென்ஃபே தன் பங்குக்கு அவ்லோன்னு ஒரு சீப் வண்டி விட்டுச்சு, 2022 நவம்பர்ல இர்யோ வந்துச்சு. 600 கிலோமீட்டர் சொச்சம், ரெண்டரை மணி நேரம், அப்போ நாலு பிராண்டு. (இந்தப் போட்டியெல்லாம் ஹைஸ்பீட் லைன்லதான் சாத்தியம், ஏன்னா ஸ்பெயினோட பழைய லைன் 1668 மில்லிமீட்டர் அகலம், மத்த ஐரோப்பா பெரும்பாலும் 1435, அந்த அகலத்துக்குச் செஞ்ச வெளிநாட்டு வண்டி அதுல சக்கரமே வைக்க முடியாது.)

இப்போ கூத்து என்னன்னா, இந்த ஊய்கோ யாருதுன்னு பாத்தா பிரெஞ்சு அரசாங்கத்தோட ரயில் கம்பெனி. இர்யோல பெரும் பங்கு யாருக்குன்னா மேல சொன்ன அதே ட்ரெனிட்டாலியா, இத்தாலி அரசாங்கம். ஸ்பெயின் அரசு வண்டிக்கும் பிரான்ஸ் அரசு வண்டிக்கும் இத்தாலி அரசு வண்டிக்கும் நடக்கற போட்டிக்குப் பேரு தாராளமயம். எங்க சித்தப்பாவும் அத்தை பையனும் இதுக்கு என்ன சொல்வாங்கன்னு தெரியல. பதிலுக்கு ரென்ஃபே பிரான்ஸுக்குள்ள போகலாம்னு பாத்தா லியோன் வரைக்கும் போயிருச்சு, பாரிஸுக்குள்ள நுழையத்தான் வண்டிக்கு அனுமதிச் சான்று, டெஸ்ட்டுன்னு இழுத்துக்கிட்டே கிடக்கு, ஸ்பெயின் மந்திரி கோவப்படுறார். ஊய்கோ அடிமாட்டு விலைக்கு விக்குதுன்னும் அவரே கோவப்படுறார். பயணி என்னமோ சந்தோஷமாத்தான் இருக்கார்.

சரி, பிரிட்டன். ரயில் தனியார்மயம்னாலே எல்லாரும் உதாரணம் காட்டுறது இதைத்தான், பாதிப் பேர் தப்பாக் காட்டுவாங்க. 1993 சட்டத்தை வச்சு பிரிட்டிஷ் ரயிலை 100-க்கும் மேற்பட்ட துண்டா நறுக்குனாங்க. தண்டவாளம் ரெயில்ட்ராக்ங்கற கம்பெனிக்கு, பெட்டிங்க மூணு வாடகைக் கம்பெனிக்கு, வண்டி ஓட்டுறது 25 ஃபிரான்சைஸ், பராமரிப்பு கான்ட்ராக்டர்களுக்கு. இதோட நிக்காம இன்னும் ஒரு படி மேல போய், தண்டவாளத்தையே 1996-ல ஷேர் மார்க்கெட்ல வித்தாங்க.

ஃபிரான்சைஸ்னா என்னன்னு ஒரு வார்த்தை. இது ஸ்பெயின் மாதிரி ஒரே ரூட்ல பல பேர் மோதுறது இல்ல. இந்த ஏரியா ஏழு வருஷத்துக்கு உனக்குன்னு ஏலம் விடுறது, நம்ம ஊர்ல பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் ஸ்டாண்டை ஏலம் எடுக்கற மாதிரி. போட்டி ஏலத்தன்னிக்கு மட்டும்தான், அதுக்கப்புறம் பயணிக்கு ஒரே கடைதான். லண்டன்ல இருந்து எடின்பரோ போற கிழக்குக் கரை ரூட்டை எடுத்தவங்க வருமானத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டு ஏலம் கேட்டுட்டு, அப்பறம் கட்ட முடியாமப் போய் 2009-ல ஒரு தடவை, 2018-ல ஒரு தடவை அரசாங்கமே வண்டிய எடுத்து ஓட்டுச்சு.

2000 அக்டோபர் 17, லண்டனுக்கு வடக்க ஹேட்ஃபீல்டு. வேகமாப் போன ஒரு எக்ஸ்பிரஸ் தடம் புரண்டுச்சு, 4 பேர் செத்தாங்க. காரணம் தண்டவாளத்துல ஓடியிருந்த மயிர்க்கோடு மாதிரி விரிசல், வண்டி போகும்போது அந்தத் தண்டவாளம் 300 துண்டுக்கு மேல சிதறியிருக்கு. விரிசல் இருக்குன்னு முன்னாடியே தெரியும், மாத்துறதுக்குத் தண்டவாளம் கூட வந்து இறங்கிருந்துச்சு, யார் எப்போ மாத்துறதுங்கறதுதான் கம்பெனிக்கும் கான்ட்ராக்டருக்கும் நடுவுல இழுத்துக்கிட்டே கிடந்துச்சு. அதை விடப் பெரிய அதிர்ச்சி அப்பறம்தான், நாடு முழுக்க இதே மாதிரி விரிசல் எங்கெங்க இருக்குன்னு ரெயில்ட்ராக்குக்குச் சரியாத் தெரியல. தன் சொத்து எந்த நிலைமையில இருக்குன்னு ஒழுங்கான பதிவேடு இல்ல. பயத்துல 1000-த்துக்கும் மேல இடத்துல வேகக் கட்டுப்பாடு போட்டாங்க, நாடே மாசக்கணக்குல நொண்டுச்சு. ஒரு வருஷத்துல, 2001 அக்டோபர்ல, ரெயில்ட்ராக் திவால் மாதிரியான நிர்வாகத்துக்குப் போச்சு, 2002-ல நெட்வொர்க் ரெயில் அதை எடுத்துக்கிச்சு. அப்பயே தண்டவாளம் ஷேர் மார்க்கெட்டை விட்டு வெளிய வந்துருச்சு.

நறுக்கினதுல இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒவ்வொரு தாமதத்துக்கும் யாராவது ஒருத்தர் இன்னொருத்தருக்குக் காசு கட்டணும்னு ஒப்பந்தம். அப்போ வண்டி லேட்டானா யார் தப்புன்னு சண்டை போடவே ஆள் வேணும். 2021-ல அரசாங்கம் போட்ட திட்ட அறிக்கைலயே எழுதியிருக்காங்க, 400 பேர் வரைக்கும் இந்த வேலையில இருந்தாங்கன்னு. அதுல ஒரு வழக்கு என்னன்னா, வண்டில சின்னப் பறவை அடிபட்டா வண்டி ஓட்டுறவன் பொறுப்பு, பெரிய பறவைன்னா தண்டவாளக்காரன் பொறுப்பு, சரி, ஃபெசன்ட்ங்கற காட்டுக்கோழி சின்னப் பறவையா பெரிய பறவையா? சம்பளம் வாங்கிக்கிட்டு உக்காந்து வாதாடி இருக்காங்க.

ஆனா நியாயமாச் சொல்லணும்னா, அதே காலத்துல பிரிட்டன்ல ரயில் பயணம் பயங்கரமா ஏறுச்சு. 1994-95-ல வருஷத்துக்கு 73 கோடிப் பயணம் சொச்சம், 2018-19-ல 170 கோடியைத் தாண்டிருச்சு. தனியார் வந்ததாலதான் ஏறுச்சா, பெட்ரோல் விலையாலயும் லண்டன் வேலை வாய்ப்பாலயும் ஏறுச்சான்னு பொருளாதாரக்காரங்க இன்னும் அடிச்சுக்கறாங்க. எப்படியோ, கொரோனாவுல ஃபிரான்சைஸ் முறை விழுந்துருச்சு, 2024-ல சட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிய முடிய ஒவ்வொண்ணா அரசாங்கம் திருப்பி எடுக்குது, 2025 மே மாசம் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேல ஆரம்பிச்சாங்க. ஆனா ஹல் ட்ரெயின்ஸ், லூமோ மாதிரி மானியம் வாங்காம சொந்த ரிஸ்க்ல ஸ்லாட் வாங்கி ஓட்டுறவங்க இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்காங்க. நாடு பூரா விக்கிறதுல இருந்து பின்வாங்குது, திறந்த கதவு முழுசா மூடல. ரெண்டும் வேறன்னு சொன்னேன் இல்லையா.

ஜெர்மனி நடுவாந்திரம். 1994-ல இருந்து டாய்ச்ச பான்ங்கற ஒரே அரசு குரூப்புக்குள்ளயே வண்டியும் இருக்கு, தண்டவாளமும் இருக்கு, மேல பாக்க ஒரு ரெகுலேட்டர். சரக்குல வெளியாளுங்க பாதிக்கும் மேல பிடிச்சுட்டாங்க. தூரப் பயணத்துல மட்டும் ஃப்ளிக்ஸ்ட்ரெயின் பச்சை வண்டியத் தவிர சொல்லிக்கற மாதிரி யாரும் வரல. அங்க கவனிக்க வேண்டியது உள்ளூர் வண்டிங்கதான். லாபமே வராத கிராமத்து லைனுக்கு எந்தத் தனியார் வருவான்? வர மாட்டான். அதனால ஏலத்தைத் தலைகீழா விடுறாங்க, இந்த லைன்ல ஒரு மணி நேரத்துக்கு ஒரு வண்டி கண்டிப்பா ஓடணும், டிக்கெட் விலை நாங்க சொல்றதுதான், இதுக்கு யார் குறைச்சலா மானியம் கேக்கறீங்களோ அவங்களுக்குன்னு. திறந்துவிட்டா கிராமத்து வண்டி நின்னுரும்னு பயப்படுறவங்களுக்கு ஐரோப்பா கொடுத்த பதில் இதுதான். அந்த மானியத்துக்கு மாநிலத்துக்கிட்ட காசு இருக்கணும், அது தனிக் கதை.

ஜப்பான்ல வேற மாதிரி. 1987 ஏப்ரல் 1, சுமார் 37 லட்சம் கோடி யென் கடன்ல முழுகிக் கிடந்த ஜேஎன்ஆர்ங்கற தேசிய ரயில்வேய ஏரியா வாரியா ஆறு பயணிகள் கம்பெனியா, ஒரு சரக்குக் கம்பெனியாப் பிரிச்சாங்க. ஆனா தண்டவாளத்தை வண்டியில இருந்து பிரிக்கல. டோக்கியோ பக்கம் ஜேஆர் ஈஸ்ட்னா தண்டவாளம், வண்டி, ஸ்டேஷன், ஸ்டேஷன் மேல இருக்கற மால், எல்லாம் அவங்களுதே. ஹேட்ஃபீல்டு மாதிரி உன் தப்பா என் தப்பாங்கற பேச்சுக்கே இடமில்ல. அதே ரூட்ல இன்னொருத்தன் ஸ்லாட் கேட்டு வரவும் முடியாது, போட்டின்னா பக்கத்துல தனியா லைன் போட்டு ஓட்டுற வேற தனியார் ரயில்தான். சரக்குக் கம்பெனி மட்டும் மத்தவங்க தண்டவாளத்துல வாடகைக்குப் போகும், வாடகையும் அது ஓடறதால கூடுதலா ஆகுற செலவுக்கு மட்டும்தான், முழுப் பங்கு கிடையாது. டிக்கெட் விலைக்கு உச்ச வரம்பை அரசாங்கம் வைக்குது. ஜேஆர் ஈஸ்ட் 1987-ல இருந்து பெரிய அளவுல ஏத்தாம இருந்து 2025-லதான் ஏத்த அனுமதி வாங்குச்சு.

இதைச் சொல்லும்போது எல்லாரும் டோக்கியோவோட நிறுத்திக்குவாங்க. வடக்க ஹொக்கைடோவுக்குப் போகணும். பனி, கம்மி ஜனம், நீளமான லைன். ஜேஆர் ஹொக்கைடோ இன்னும் அரசாங்கத்துக்கிட்டதான் இருக்கு, ஷேரை வித்தா யார் வாங்குவா? 2016-ல அவங்களே சொல்லிட்டாங்க, எங்க லைன்ல கிட்டத்தட்ட பாதியை எங்களால தனியாக் காப்பாத்த முடியாதுன்னு. பழைய கடன்ல பெரும்பகுதி கடைசில வரி கட்டுறவங்க தலையிலதான் விழுந்துச்சு. ஏரியா வாரியாப் பிரிச்சா நல்ல வயல் ஒருத்தருக்கும் களர் நிலம் இன்னொருத்தருக்கும் போகும், புல்லட் ரயில் லாபம் ஹொக்கைடோ பனியை அள்ள வராது.

அமெரிக்காவுல எல்லாமே தலைகீழ். அங்க சரக்கு ரயில் கம்பெனிங்கதான் ராஜா, தண்டவாளமும் அவங்களுதே, பெரும்பாலும் தனியார்தான். பிரச்சனை என்னன்னா 1887-ல ஆரம்பிச்ச ஒரு கமிஷன் உக்காந்துக்கிட்டு எந்தச் சரக்குக்கு எந்த ஊருக்கு என்ன ரேட்டுன்னு கட்டிப் போட்டிருந்துச்சு, நஷ்டத்துல ஓடற லைனை மூடக் கூட வருஷக்கணக்குல கெஞ்சணும். லாரி வந்து சரக்கை அள்ளிட்டுப் போச்சு, 1970-ல பென் சென்ட்ரல்னு ஒரு பெரிய கம்பெனி திவாலாச்சு. 1980-ல ஸ்டேகர்ஸ் சட்டம் வந்து கட்டை அவுத்துவிட்டுச்சு, கஸ்டமரோட தனியா ஒப்பந்தம் போட்டுக்கோ, ரேட்டு நீயே பேசிக்கோன்னு. சராசரி ரேட்டு விலைவாசியக் கழிச்சுப் பாத்தா நல்லா இறங்குச்சு, கம்பெனிங்களும் லாபத்துக்கு வந்துச்சு. ஆனா அன்னிக்கு நாப்பது பக்கம் இருந்த பெரிய கம்பெனி இன்னிக்கு ஆறு, அதுலயும் ரெண்டு 2025-ல சேரப்போறதா அறிவிச்சிருக்கு. ஒரே ஒரு லைன் மட்டும் போற ஊர்ல கோதுமையோ கெமிக்கலோ வச்சிருக்கறவனுக்கு வேற வழியில்ல, அவன் ரெகுலேட்டர்கிட்ட போகலாம், ஆனா ரேட்டு அந்தச் சரக்குக்கு ஆகுற நேரடிச் செலவுல 180 சதவீதத்தைத் தாண்டினாத்தான் கேஸையே எடுப்பாங்க.

பயணிங்க கதை பரிதாபம். ஆம்ட்ராக்ங்கற அரசு வண்டி பெரும்பாலும் இந்தச் சரக்குக் கம்பெனி லைன்லதான் ஓடுது. பயணிகள் வண்டிக்குத்தான் முன்னுரிமைன்னு சட்டத்துல தெளிவா இருக்கு. ஆனா சரக்கு வண்டிங்க இப்போ அவ்வளவு நீளம், ஒதுங்குறதுக்கு இருக்கற லூப் லைன்ல அது அடங்கவே அடங்காது. அப்போ யார் ஒதுங்கணும்? அடங்குற வண்டிதான். சட்டம் என்ன சொன்னாலும் லூப் லைன் நீளம்தான் கடைசில தீர்ப்பு சொல்லுது.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். இந்தியாவுல தண்டவாளம், வண்டி, டைம்டேபிள், டிக்கெட் விலை, கொள்கை எல்லாம் ஒரே ரயில்வே அமைச்சகத்துக்குள்ளதான். வாய்க்காலும் அவங்களுது, வயலும் அவங்களுது, நீர்க்கட்டியும் அவங்கதான். டிக்கெட்டுலயே பல வருஷமா ஒரு வரி அச்சாகி வந்துச்சு, பயணச் செலவுல சராசரியா 57 சதவீதத்தைத்தான் ரயில்வே உங்ககிட்ட வாங்குதுன்னு. மீதியை நிலக்கரியும் சிமென்ட்டும் இரும்பும் ஏத்திட்டுப் போற கூட்ஸ் வண்டிதான் கட்டுது. நம்ம டிக்கெட் சீப்பா இருக்க, நம்ம வீட்டு சிமென்ட் மூட்டையில கொஞ்சம் கூடக் கொடுக்கறோம்.

கதவைத் திறந்து பாக்கவே இல்லைன்னு சொல்ல முடியாது. 2006-ல கன்டெய்னர் வண்டி ஓட்டத் தனியாருக்கு லைசென்ஸ் கொடுத்தாங்க, பத்துப் பதினஞ்சு கம்பெனி வந்துச்சு. ஆனா இழுவைக் கட்டணத்தை நிர்ணயிக்கறது ரயில்வே, எதிர்ல போட்டிக்கு நிக்கிற பெரிய கம்பெனியான கான்கோரும் அதே அமைச்சகத்தோடது. ஓஸ்டியன்சே வேலி ஞாபகம் வருதா? அப்பறம் 2020 ஜூலைல பெருசா ஒரு அறிவிப்பு, 109 ரூட், 151 தனியார் ரயில், 12 கிளஸ்டர் (ரூட்டுங்களைச் சேத்துக் கட்டின தொகுப்பு), 30,000 கோடி ரூபாய் முதலீடு, 35 வருஷம், கட்டணம் அவங்க இஷ்டம், லோகோ பைலட்டும் கார்டும் மட்டும் ரயில்வே ஆளுங்க. விண்ணப்பம் போட நிறையக் கம்பெனி வந்துச்சு. 2021-ல விலைப்புள்ளி பெட்டிய திறந்தா 3 கிளஸ்டருக்குத்தான் சீட்டு இருந்துச்சு, போட்டது ரெண்டே பேர், அதுல ஒருத்தர் ஐஆர்சிடிசி, ரயில்வேயோட சொந்தப் பிள்ளை. டெண்டர் கேன்சல்.

ஏன் யாரும் வரலைங்கறதுக்குக் கொரோனா, கட்டணம், வருமானப் பங்குன்னு பல காரணம் சொல்றாங்க, எல்லாமே உண்மைதான். எனக்குப் பெருசாத் தெரியறது இதுதான்: ஆயிரக்கணக்கான கோடி போட்டு வண்டி வாங்கிட்டு வந்து நிக்கிறவன், தன் வண்டிய லூப் லைன்ல போட்டுட்டு வந்தே பாரத்தை விட்டா யார்கிட்ட போய் முறையிடுவான்? ரயில்வே சீர்திருத்தத்துக்கு அரசாங்கம் போட்ட விவேக் தேவ்ராய் கமிட்டி 2015-லயே தனி ரெகுலேட்டர் வேணும்னு எழுதிக் கொடுத்துச்சு. 2017 ஏப்ரல்ல மத்திய அமைச்சரவை ரயில் மேம்பாட்டு ஆணையம்னு ஒண்ணுக்கு ஒப்புதலும் கொடுத்துச்சு. அந்த ஆபீஸ் வேலையே ஆரம்பிக்கல.

சின்னச் சின்னதா சிலது ஓடுது. 2022 ஜூன் 14 கோயம்புத்தூர் வடக்கு ஸ்டேஷன்ல இருந்து ஷீரடிக்கு ஒரு வண்டி கிளம்புச்சு, பாரத் கௌரவ் திட்டத்துல நாட்டுலயே முதல் வண்டி. பெட்டிங்களைத் தனியார் வாடகைக்கு எடுத்து, கட்டணம் அவங்களே வச்சு, ஆன்மிக டூர் ஓட்டுறாங்க, ஓட்டுறதும் பாதையும் ரயில்வேயோடதுதான். சீசன் டூருக்கு இது சரி, தினசரி போட்டின்னு இதைச் சொல்ல முடியாது.

ஆனா ஒரு விஷயத்துல மட்டும் நாம இந்த நீர்க்கட்டி யோசனைய ரொம்ப முன்னாடியே பிடிச்சிருக்கோம். ரயில்வே பாதுகாப்பு ஆணையர்னு ஒருத்தர் இருக்கார் இல்லையா, புது லைன் போட்டா ட்ராலில உக்காந்து அங்குலம் அங்குலமாப் பாத்து, வண்டிய வேகமா ஓட்டிப் பாத்து, சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் பயணிகளை ஏத்த முடியும். அவர் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ வர மாட்டார். ரயில்வேய ரயில்வேயே சோதிக்கக் கூடாதுன்னு 1941-லயே அந்த வேலைய ரயில்வே போர்டுகிட்ட இருந்து பிரிச்சு விமானத்தைப் பாத்துக்கற துறைகிட்ட கொடுத்துட்டாங்க, இன்னிக்கும் அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்துலதான். புது பாம்பன் பாலத்தை 2024 நவம்பர்ல ஆய்வு பண்ணவர், திட்டமிடுறதுல இருந்தே குறை இருக்குன்னு வரிசையா எழுதிட்டு, வேகக் கட்டுப்பாட்டோடதான் அனுமதி கொடுத்தார், தூக்குப் பகுதியில 50 கிலோமீட்டர், மத்த இடத்துல 75. ரயில்வே அந்தக் குறைகளைப் பாக்க ஒரு கமிட்டி போட வேண்டி வந்துச்சு. 2025 ஏப்ரல் 6 பாலம் திறந்தாச்சு. அதே பாலத்துல எந்த வண்டி எத்தனை மணிக்குத் தாண்டணும், தாண்டுறதுக்கு என்ன வாடகைன்னு கேக்குற ஆபீஸ்தான் இன்னும் எந்த அமைச்சகத்துலயும் இல்ல.